களப்பு நண்டும் வளர்ப்பு நண்டும்: சத்து எதில்?

வயலோடு வாழ்ந்தவர்களுக்கு நண்டு புதிதல்ல. ஆனால் நாம் அறிந்தது வயல் நண்டு. வரம்பில் வளை தோண்டி, கட்டி வைத்த தண்ணீரை இரவோடிரவாக அடுத்த வயலுக்கு அனுப்பிவிடும் அந்தச் சிறிய உயிரை நம்மில் பலர் உணவாக எண்ணியதில்லை, எதிரியாகத்தான் எண்ணினோம். இடம்பெயர்ந்து களப்போரங்களில் குடியேறிய பிறகுதான், நண்டு காசு தரும் பொருள், கறிச்சட்டிக்கு வரும் பொருள் என்பதைப் பல கமக்காரக் குடும்பங்கள் அறிந்தன. மண்வெட்டி பிடித்த கை பறி வைக்கப் பழகியது. சில குடும்பங்கள் ஒருபடி மேலே போய், மூங்கில் கூடுகளில் நண்டை அடைத்துக் கொழுக்க வைத்து விற்கவும் பழகிக்கொண்டன.

அப்படியான ஒரு களப்போரக் குடியிருப்பில் நாம் சந்தித்த ஒரு தாய், கூட்டுக்கு அருகில் குந்தியிருந்து ஒரு சட்டி சூடை மீனை வெட்டிக்கொண்டிருந்தார். மீன் நண்டுக்கு. வீட்டுக்குள் பிள்ளைகளுக்குச் சோறும் சொதியும் காத்திருந்தன. கடைக்குட்டியின் நிறை, அட்டையில் உள்ள கோட்டுக்குக் கீழே நிற்பதாக மருத்துவமாது சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“தம்பி, கடலில பிடிச்ச நண்டிலதான் சத்தாம். அடைச்சு வளர்த்த நண்டு வெறும் தண்ணியாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லினம். உண்மையோ?” என்று அவர் கேட்டார்.

நல்ல கேள்வி. உண்மையென்றால் அவர் பிள்ளைகளுக்குச் சமைக்க வேண்டியது வேறு நண்டு. பொய்யென்றால் தான் வளர்க்கும் நண்டைப் பற்றி அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டில் எது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நண்டுத் தசையில் என்ன உண்டு?

பச்சையாக நிறுத்த 100 கிராம் நண்டுத் தசையில் ஏறக்குறைய 18 கிராம் புரதம் உண்டு. கொழுப்பு ஏறக்குறைய ஒரு கிராம்தான். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். இனத்துக்கு இனம் இந்தக் கணக்கு சற்று மாறும். ஆனால் பெரிதாக மாறாது. இவற்றோடு உடல் வளர்ச்சிக்கும் புண் ஆறுவதற்கும் வேண்டிய நாகச் சத்தும், இரத்தம் ஊறுவதற்கும் நரம்புக்கும் வேண்டிய பீ12 விற்றமினும் நண்டில் தாராளமாக உண்டு. பீ12 மரக்கறியிலும் சோற்றிலும் இல்லை. உலர் உணவையே நம்பி நாட்களை ஓட்டும் குடும்பங்களுக்கு இது முக்கியமான செய்தி.

நான்கு வயது முதல் எட்டு வயது வரையான பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 19 கிராம் புரதம் வேண்டும். 300 கிராம் நிறையுள்ள நல்ல சதை பிடித்த நண்டொன்றில் ஓடு, செவுள் எல்லாம் போக 80 முதல் 100 கிராம் வரை தசை கிடைக்கும். அதில் உள்ள புரதம் ஏறக்குறைய மூன்று முட்டைக்குச் சமம்.

நண்டில் இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். இரும்புச் சத்து அதில் குறைவு. கல்சியம் பெரும்பாலும் ஓட்டில் இருக்கிறது; ஓட்டை நாம் உண்பதில்லை. ஆகவே நண்டு மட்டும் போதும் என்று எவரும் எண்ண வேண்டாம்.

வளர்ப்பு என்பது இரண்டு வகை

வளர்ப்பு நண்டு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன. ஒன்று, சிறு குஞ்சை வாங்கிக் குளத்தில் விட்டு மாதக்கணக்கில் வளர்த்தெடுப்பது. மற்றது, களப்பில் பிடித்த பெரிய, ஆனால் சதையில்லாத நண்டைக் கூட்டில் அடைத்து, இரண்டு முதல் நான்கு கிழமை வரை தீன் போட்டுச் சதை பிடிக்க வைப்பது. இதைத்தான் கொழுக்க வைத்தல் என்கிறோம். நமது களப்போரங்களில் சிறு குடும்பங்கள் செய்யக்கூடியது இந்த இரண்டாவது வேலையே. இரண்டுக்கும் உகந்தது களப்பிலும் கண்டல் சேற்றிலும் வாழும் பெரிய சேற்று நண்டு. வலையில் அதிகம் படும் நீலக்கால் நண்டு நமது பகுதிகளில் கடலிலிருந்தே வருகிறது.

ஆகவே அந்தத் தாயின் கூட்டில் இருப்பதும் களப்பில் பிறந்து களப்பில் வளர்ந்த நண்டுதான். கடைசி மூன்று கிழமை மட்டும் அது வேறு வீட்டில் சாப்பிடுகிறது.

‘தண்ணி நண்டு’ என்பது எது?

நண்டின் ஓடு அதனோடு சேர்ந்து வளர்வதில்லை. உடல் பெருக்க வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஓடு கழன்றவுடன் நண்டு நிறையத் தண்ணீரை உறிஞ்சி உடலை ஊத வைக்கிறது. அந்தப் பெரிய அளவிலேயே புதிய ஓடு இறுகுகிறது. பெரிய சட்டை தைத்துப் போட்டுவிட்டுப் பிறகு அதற்கேற்ப உடம்பை வளர்க்கும் பிள்ளையைப் போன்றது இது. சதை வளர்ந்து அந்த இடத்தை நிரப்பும்வரை உள்ளே தண்ணீர்தான்.

அந்தச் சமயத்தில் பிடிபட்ட நண்டுதான் ‘தண்ணி நண்டு’. பார்ப்பதற்குப் பெரிதாக இருக்கும்; சட்டியில் போட்டால் உள்ளே ஒன்றும் இராது. நிலாக் காலத்து நண்டில் சதை இல்லை என்று கரையோரத்தில் பேசிக்கொள்வதும் உண்டு. நிலவை நம்பி நண்டு வாங்குவதைவிட, கையால் அழுத்திப் பார்த்து வாங்குவதே நிச்சயமான வழி.

இப்போது அயலவர் சொன்னதை எடுத்துப் பார்ப்போம். தண்ணி நண்டு என்பது ஓடு கழற்றி அதிக நாள் ஆகாத நண்டு. அது கடலிலும் உண்டு, களப்பிலும் உண்டு, குளத்திலும் உண்டு. கொழுக்க வைப்பவர் செய்யும் வேலையே அந்தத் தண்ணி நண்டைச் சதை நண்டாக மாற்றுவதுதான். ஒழுங்காகத் தீன் போட்டு உரிய காலத்தில் எடுத்த வளர்ப்பு நண்டு, அப்போதுதான் ஓடு கழற்றிய களப்பு நண்டைவிட எவ்வளவோ மேல். பொறுமையில்லாமல் ஒரு கிழமையில் எடுத்து விற்றால் மட்டுமே பழிச்சொல் நியாயமாகும்.

நண்டின் வயிற்றுப் பக்க ஓட்டை, கால்கள் தொடங்கும் இடத்துக்கு அருகில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கினால் சதை இல்லை. கல் போல இருந்தால் சதை உண்டு. ஒரே அளவான இரண்டு நண்டைக் கையில் தூக்கிப் பார்த்தாலும் பாரத்தில் வித்தியாசம் தெரியும். புத்தம் புதிதாகப் பளபளக்கும் ஓட்டைவிட, சற்று அழுக்கேறி உராய்ந்த ஓடு நல்ல அடையாளம்.

வித்தியாசம் கொழுப்பில்

தசையில் உள்ள புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் வேறு எதில் வித்தியாசம்? கொழுப்பில். அதுவும் கொழுப்பின் அளவைவிட, அது எந்த வகைக் கொழுப்பு என்பதில்.

இந்த விடயம் அதிகம் ஆராயப்பட்ட நாடு சீனா. அங்கே நன்னீரில் வளர்ந்து, முட்டையிடுவதற்கு ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள உவர்நீருக்கு இறங்கும் ஒரு நண்டு உண்டு. அதன் கொடுக்கில் கையுறை போட்டதுபோல மயிர் அடர்ந்திருக்கும். இன்று ஆண்டுக்கு 7 இலட்சம் தொன்னுக்கும் அதிகமாக அந்த நண்டைக் குளங்களிலும் ஏரிகளிலும் வளர்த்தெடுக்கிறார்கள். யாங்சி ஆற்றிலோ, 2021 சனவரி 1 முதல் பத்து ஆண்டுகளுக்கு மீன்பிடியே தடை செய்யப்பட்டுள்ளது. ஆற்று நண்டையும் குளத்து நண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அங்குள்ள ஆய்வாளர்கள் பலமுறை ஒப்பிட்டிருக்கிறார்கள்.

பொதுவாக அவர்கள் கண்டது இதுதான். தசையின் புரதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. குளத்து நண்டின் ஓட்டுக்குள் கொழுப்புச் சற்று அதிகமாகச் சேரும். ஆனால் மூளைக்கும் கண்ணுக்கும் இருதயத்துக்கும் நல்லதான ஒமேகா-3 போன்ற கொழுப்புகளின் பங்கு ஆற்று நண்டில் உயர்ந்து நிற்கும். தானியமும் தாவர எண்ணெயும் கலந்த தீன் தின்ற நண்டில், தாவர எண்ணெயில் உள்ள கொழுப்பு வகைகள் கூடிவிடுகின்றன.

காரணம் எளிது. நீண்ட ஒமேகா-3 கொழுப்பை நண்டு தானாகப் போதிய அளவு உண்டாக்கிக்கொள்வதில்லை. நீரில் உள்ள நுண்ணிய பாசியில் அது உண்டாகிறது. பாசியைத் தின்ற இறாலிலும் சிப்பியிலும் சிறு மீனிலும் சேர்ந்து, அவற்றைத் தின்ற நண்டுக்கு வருகிறது. நண்டு எதைத் தின்றதோ அதுவே அதன் கொழுப்பாகிறது. ஆகவே கூட்டில் இருந்தாலும், மீனும் ஊரியும் சிப்பியும் தின்ற நண்டு களப்பு நண்டுக்குப் பெரிதாகக் குறைந்துவிடாது. தவிடும் புண்ணாக்கும் மட்டும் தின்ற நண்டு குறைந்துவிடும்.

நிறத்துக்கும் இதே கதைதான். வேகவைத்த நண்டு சிவப்பதற்குக் காரணமான நிறச்சத்தையும் நண்டு தானாக உண்டாக்குவதில்லை, உணவிலிருந்து பெறுகிறது. அந்த நிறச்சத்து உயிருள்ள நண்டில் ஒரு புரதத்தோடு பிணைந்து பச்சையாகவும் நீலமாகவும் தோன்றுகிறது. சூட்டில் பிணைப்பு விட்டதும் சிவக்கிறது. இயற்கை உணவு தின்ற நண்டு நன்றாகச் சிவக்கும். தீன் குறைபாடான நண்டு வெளிறிச் சிவக்கும்.

தண்ணீர் நல்லதாக இருக்க வேண்டும்

களப்பு நண்டு என்றவுடன் அது சுத்தமானது என்று முடிவு கட்டவும் கூடாது. நண்டு சேற்றில் வாழ்வது, கிடைத்ததைத் தின்பது. ஊர்க் கழிவும் பட்டறைக் கழிவும் வந்து விழும் இடத்து நண்டில் கட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் சேரக்கூடும். அவை தசையில் சேர்வதைவிட, ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளும் பழுப்பும் கலந்த கூழில்தான் அதிகம் சேர்கின்றன. அந்தக் கூழ் நண்டுக்கு ஈரலைப் போன்றது. ருசியும் அதில்தான், கொழுப்பும் அதில்தான், நஞ்சு சேருவதும் அதில்தான். நல்ல தண்ணீரில் வந்த நண்டாயின் எப்போதாவது உண்பதில் தவறில்லை. கர்ப்பிணித் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் வெண்ணிறத் தசையை உண்டு, கூழைக் குறைத்துக்கொள்வது நல்லது.

வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். கூட்டைப் பெருக்கும் வற்றும் வந்து போகும் இடத்தில் வையுங்கள். மிஞ்சிய தீனை அடுத்த நாள் காலையில் அள்ளி எறியுங்கள். அழுகிய தீன் தண்ணீரைக் கெடுக்கும். ஒரு கூட்டறையில் ஒரு நண்டு மட்டும் இருக்கட்டும். ஓடு கழற்றிய நண்டை மற்ற நண்டு தின்றுவிடும். யாரோ சொன்னார் என்று மருந்து வாங்கித் தீனில் கலக்க வேண்டாம்.

நண்டுக்குப் போடும் மீன்

இனி, அந்தத் தாய் கேட்காத, ஆனால் நாம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. அவர் வெட்டிக்கொண்டிருந்த சூடை யாருக்குப் போக வேண்டும்?

கொழுக்க வைக்கும் நண்டுக்கு ஒரு நாளைக்கு அதன் நிறையில் 100க்கு 5 முதல் 10 பங்கு வரை தீன் வேண்டும். ஒரு கிலோ நண்டுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 கிராம். மூன்று கிழமைக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு கிலோவுக்கு மேல், இரண்டு கிலோ வரை மீன் போகும். இவ்வளவும் போட்டும் நண்டின் நிறை அதே அளவு கூடுவதில்லை. உள்ளே இருந்த தண்ணீர் போய்ச் சதை வருகிறது. அதனால் விலை கூடுகிறது.

சந்தைக் கணக்கில் இது இலாபம். சத்துக் கணக்கில் அப்படியல்ல. சூடை, நெத்தலி போன்ற சிறு மீனில் புரதம் நண்டுக்குக் குறைவில்லை. ஒமேகா-3 கொழுப்பு நண்டைவிட அதிகம். மெல்லிய முள்ளோடு மென்று தின்றால் கல்சியமும் சேரும். நண்டு தராத சத்தை அந்தச் சிறு மீன் தருகிறது. நண்டு வெளியூர் போகிறது, மீன் நண்டுக்குப் போகிறது, பிள்ளைக்குச் சொதி மிஞ்சுகிறது என்றால், அந்தத் தொழிலில் எங்கோ பிழை இருக்கிறது.

இதற்காகத் தொழிலை விட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. காணி இல்லாத இடத்தில் கையில் காசு வருவது சிறிய விடயமல்ல. ஆனால் தீனை மாற்றலாம். மீன் சந்தையில் வெட்டி ஒதுக்கும் தலை, குடல், செவுள் ஆகியவற்றை அன்றன்றே வாங்கி வரலாம். கண்டல் வேரிலும் சேற்றிலும் கிடைக்கும் ஊரியை உடைத்துப் போடலாம். இவையும் நண்டுக்கு நல்ல தீனே. இவற்றிலும் கடற்சத்து உண்டு. முழு மீன் வாங்க நேர்ந்தால், நல்லதைப் பொறுக்கி முதலில் வீட்டுச் சட்டியில் போடுங்கள். தலையும் வாலும் கூட்டுக்குப் போகட்டும்.

விற்பதும் வைத்துக்கொள்வதும்

கொடுக்கு முறிந்த நண்டைச் சந்தையில் விலை குறைத்தே கேட்பார்கள். ஆனால் கொடுக்குப் போனதால் எஞ்சிய தசையின் சத்துப் போய்விடுவதில்லை. வீட்டுக்கு ஏற்றது அதுதான். அரை விலைக்குக் கொடுத்துவிட்டு வருவதைவிட, கிழமைக்கு ஒருமுறை அதைப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுங்கள்.

நல்ல நண்டை விற்பதில் குற்றம் இல்லை. விற்ற காசு முட்டையாகவும் பருப்பாகவும் நெத்தலிக் கருவாடாகவும் வீட்டுக்குத் திரும்பினால் குடும்பத்துக்கு இலாபமே. இனிப்புத் தண்ணீர்ப் போத்தலாகவும் பிஸ்கற்றாகவும் திரும்பினால்தான் நட்டம்.

வெளியே முட்டைத் திரளைச் சுமந்திருக்கும் பெட்டை நண்டு அகப்பட்டால் மட்டும், விலையைப் பாராமல் தண்ணீரில் விட்டுவிடுங்கள். ஒரு சேற்று நண்டு சுமப்பது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை. விதை நெல்லைக் குத்திச் சாப்பிடுவதில்லை என்பது கமக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதல்ல.

சட்டியில் போடும்போது

நண்டு கறியில் ஒரு பிடி முருங்கை இலை போடுவது நமது பழக்கம். மணத்துக்காக என்று நினைக்கிறோம். ஆனால் நண்டில் குறைவான இரும்புச் சத்தையும் கல்சியத்தையும் முருங்கை இலை ஓரளவு ஈடுசெய்கிறது. ஒரு பிடி போடும் இடத்தில் இரண்டு பிடி போடுங்கள். இறக்குவதற்குச் சற்று முன்பு போடுங்கள். மேலே தேசிக்காய் பிழிந்தால் இலையின் இரும்புச் சத்து உடலில் நன்றாகச் சேரும். ஒரு நண்டை ஆறு பேர் பகிர வேண்டுமென்றால் ஒடியல் கூழைவிடச் சிறந்த வழி இல்லை. நண்டின் சாறும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் ஒடியல் மாவும் ஒரே சட்டியில் சேர, எல்லாருக்கும் பங்கு கிடைக்கும்.

செத்துக் கிடந்த நண்டைச் சமைக்க வேண்டாம். நண்டு செத்தவுடன் விரைவாகக் கெடும். கூட்டில் செத்தது எப்போது செத்தது என்று நமக்குத் தெரியாது. பஞ்சு போன்ற செவுளைக் கழற்றி எறிந்துவிட்டு, தசை முழுதும் வெள்ளையாகும்வரை வேகவிடுங்கள். வயல் நண்டையும் ஆற்று நண்டையும் அரைவேக்காட்டில் ஒருபோதும் உண்ணக்கூடாது. நுரையீரலில் தங்கும் ஒருவகைப் புழு அவற்றின் வழியாக மனிதருக்கு வரும். நண்டு தின்றபின் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு முட்டு ஏற்பட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அவர் பிறகு நண்டைத் தொடவே கூடாது.

அந்தத் தாய்க்குச் சொன்ன பதில்

“அக்கா, உங்கட நண்டில சத்துக் குறைவில்லை. சதை பிடிக்கும்வரைக்கும் பொறுத்து எடுங்கோ. கடல் தீன் போடுங்கோ. தண்ணி ஓடுற இடத்தில கூட்டை வையுங்கோ. இந்த மூண்டும் சரியெண்டா ஆர் என்ன சொன்னாலும் பரவாயில்லை” என்று சொன்னோம். பிறகு சட்டியைக் காட்டி, சூடையைப் பற்றியும் சொன்னோம்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. “தலையும் குடலும் போட்டாலும் நண்டு கொழுக்குமோ?” என்று மட்டும் கேட்டார். “பழுதாகாத தலையெண்டா கொழுக்கும்” என்றோம்.

நண்டு கொழுத்தால் வளையில் இராது என்பது பழமொழி. நமது கூட்டில் கொழுத்த நண்டும் அப்படித்தான், வண்டியேறிப் போய்விடும். அது போகட்டும். போகுமுன் வீட்டுப் பிள்ளையின் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது நமது பொறுப்பு.

நாம் புறப்படும்போது அந்தத் தாய் சட்டிக்குள் கைவிட்டு, இன்னும் வெட்டாத சூடையில் இரண்டு கைப்பிடியை அள்ளி வேறொரு கோப்பையில் போட்டு மூடி வைத்தார். அடுப்பு இன்னும் அணைந்திருக்கவில்லை.